தினமும் இடுப்பில் ஒரே துப்பாக்கியா, நாளுக்கொன்றா?

கொல்லிமலைக்காற்று (ஆஸ்டின்)

க்ரீன் கார்டு கைக்கு வந்ததும் கிளாக் 19 பிஸ்டல் வாங்கினேன், டெக்சாஸ் எல்டிசியும் (கைத்துப்பாக்கி வைத்து நடமாடும் உரிமம்) எடுத்தாயிற்று. குளிர்காலம் முழுக்க ஜாக்கெட்டுக்குள் வலது இடுப்பில் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. இப்போது வெயில் ஆரம்பித்துவிட்டது. டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், கீழ்த்தட்டில் பால் எடுக்கக் குனியும்போது பிடி முதுகுப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதனால் கோடைக்கென்று சின்னதாக ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். மனதில் இருப்பவை சிக் பி365 பிஸ்டல், ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர், அப்புறம் நெடுநாள் ஆசையாக ஒரு 1911 பிஸ்டல்.

ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) ஒருவர் வாரநாளுக்கு ஒன்று, வாரக்கடைசிக்கு ஒன்று, விசேஷ வீடு என்றால் இன்னொன்று என்று மாற்றி மாற்றி வைப்பாராம். அவர் பக்கத்திலேயே நின்ற இன்னொருவர், அப்படி மாற்றுகிறவன் வேண்டிய நேரத்தில் தடுமாறுவான் என்கிறார். இரண்டு பேருமே நன்றாகச் சுடுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

தம்பி, கையில் இருப்பதையும் சேர்த்து நான்கு பெயர் வருகிறது. அதில் மூன்று விதமான இயக்கம் இருக்கிறது. எடை, அளவு எல்லாம் அப்புறம் பேசலாம், முதல் சிக்கல் இதுதான்.

கிளாக்கில் நீங்கள் தள்ளிவிட வேண்டிய சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) எதுவும் கிடையாது. உருவினால் ட்ரிகர் மட்டும்தான் பாக்கி, ஐந்தரை பவுண்டு சுமாருக்கு, முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை ஒரே அழுத்தம். 1911ஐ முறையாக வைத்துக்கொள்வது என்றால் ஹாமரை, அதாவது பின்னால் இருக்கும் சுத்தியை, பின்னுக்கு இழுத்து, கட்டைவிரல் சேஃப்டியை மேலே போட்டு வைக்க வேண்டும், உருவும்போது அதைக் கீழே அழுத்தினால்தான் சுடும். கிளாக்கிலேயே பழகிய கை அவசரத்தில் இந்த ஒரு வேலையை விட்டுவிடும், ட்ரிகரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். 642 வேறு ஜாதி. ஹாமர் உள்ளேயே மறைந்திருக்கும், ஒவ்வொரு முறையும் நீளமாக, கனமாக இழுக்க வேண்டும், கிளாக்கைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே குண்டு. மறுபடி நிரப்புவது முற்றிலும் வேறு கைவேலை.

இந்தப் பட்டியலில் உங்கள் கிளாக்குக்கு உறவு என்று சொன்னால் பி365 ஒன்றுதான். அதுவும் சேஃப்டி நெம்புகோலோடும் வரும், இல்லாமலும் வரும், இல்லாததாகப் பார்த்து வாங்கினால்தான் உறவு.

இதைவிட மோசமான ஜோடியும் உண்டு. 1911இல் நெம்புகோலைக் கீழே தள்ளினால் சுடும். பெரெட்டா 92எஃப்எஸ் பிஸ்டலில் நெம்புகோல் ஸ்லைடின், அதாவது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியின், மேல் இருக்கும், அதைக் கீழே தள்ளினால் சுடாது, மேலே தள்ளினால்தான் சுடும். இரண்டும் அமெரிக்க ராணுவம் வைத்திருந்தவைதான், 1985இல் ஒன்று போய் மற்றொன்று வந்தது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி இடுப்பில் வைக்கிறேன் என்று ஒருவர் நான் நடத்தும் துப்பாக்கி வகுப்புக்கு வந்தால், முதலில் ஒன்றை வீட்டு சேஃபில் வைத்துவிட்டு வாருங்கள் என்பேன்.

பழைய_இரும்பு (சான் ஆன்டோனியோ)

வைப்பாற்று அண்ணே, நீங்கள் எப்போதும் இதையே சொல்கிறீர்கள். என்னிடம் 1911, கிளாக், ரிவால்வர் மூன்றும் இருக்கின்றன, மூன்றையும் மாற்றித்தான் வைக்கிறேன். கியர் வண்டியும் ஆட்டோமேட்டிக் வண்டியும் வீட்டில் இருந்தால் இரண்டையும் ஓட்டுவதில்லையா, உட்கார்ந்ததுமே காலுக்குத் தெரிந்துவிடுகிறது. 1911இன் பிடியைத் தொட்டாலே கட்டைவிரல் தானாக சேஃப்டியின் மேல் போய் உட்காரும்.

எனக்கு இதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது, அதை ஏன் ஒளிக்க வேண்டும். ஜான் பிரௌனிங் வடித்ததை நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இன்னும் செய்கிறார்கள் என்றால் சும்மாவா. அதை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு பிளாஸ்டிக்கை மட்டும் சுமந்து திரிய என்னால் ஆகாது.

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

இரும்பு, உங்களுக்கு ஆகும். நீங்கள் மாதாமாதம் போட்டிக்குப் போகிறவர், மூன்றையும் ஆயிரக்கணக்கில் சுட்டவர். கேட்டவர் இப்போதுதான் எல்டிசி எடுத்திருக்கிறார். வண்டியில் கிளட்சை மறந்தால் வண்டி குலுங்கி நிற்கும், பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

சந்தோஷத்துக்கு வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. ரேஞ்சுக்குக் கொண்டுபோய் ஆசைதீரச் சுடட்டும். தெருவுக்குக் கொண்டுபோவது வேறு.

தம்பிக்கு இன்னொன்று. டெக்சாஸ் உரிமத்திலேயே 2013 வரை இந்தப் பிரிவு இருந்தது. ரிவால்வரில் தேர்வு சுட்டவர் ரிவால்வர்தான் வைத்துக்கொள்ளலாம், செமி ஆட்டோவில் (கிளாக், 1911 மாதிரி பிஸ்டலில்) சுட்டால்தான் இரண்டும். பிறகு எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டது என்பதற்காகக் கைக்கும் வித்தியாசம் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. இப்போதும் தேர்வு ஒரே துப்பாக்கியில்தான், 3, 7, 15 கஜத்தில் 50 குண்டு, 250க்கு 175 வந்தால் தேர்ச்சி. அதிலும் பெரும்பாலும் பெரிய துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து பாஸ் செய்துவிட்டு, மறுநாள் பாக்கெட்டில் அடங்குகிற ஒன்றை வைத்துக்கொண்டு போகிறார்கள். சின்னது சுட எளிது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எடை குறையக் குறைய உதை கூடும், பிடியில் சுண்டுவிரல் தொங்கும், குறி பார்க்கும் முன், பின் சைட்டுகளுக்கு நடுவே தூரம் குறைவதால் சின்னக் கோணலும் இலக்கில் பெரிய விலகலாகிவிடும். 642 வெறும் 400 கிராம் சொச்சம். அதில் +பி என்ற கூடுதல் அழுத்தக் குண்டு போட்டு ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள், இரண்டாவது பெட்டியை நீங்களே திறக்க மாட்டீர்கள்.

எச்1பி_எட்டாம்வருடம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமமே வேண்டாம், 21 வயது ஆனால் போதும் என்கிறார்களே. அப்படியென்றால் நானும் வாங்கலாமா?

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

வாங்க வேண்டாம். அது மாநிலச் சட்டம், உங்களைத் தடுப்பது கூட்டாட்சிச் சட்டம். குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர், அதாவது எச்1பி, எல்1, எஃப்1 எல்லாரும், துப்பாக்கியோ குண்டோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு, அதை வைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் போய் தினமும் இடுப்பில் செருகிக்கொள்ள நினைத்தால் முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், இங்கே இலவசமாகக் கேட்காதீர்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்வி வரும், அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். நண்பர் பெயரில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் குற்றம், அவருக்கும் சேர்த்து.

க்ரீன் கார்டு வந்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால் அது நாடுகடத்தலுக்குத் தனிக் காரணமாகவே சட்டத்தில் இருக்கிறது. குடிமகனாக இருப்பவன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற இடத்தில் நாம் கார்டையே இழக்கலாம். எந்தத் துப்பாக்கி என்று ஆறு மாதம் யோசிக்கிறவர்கள் எந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பதற்கு ஒரு சாயங்காலமாவது ஒதுக்க வேண்டும்.

எச்1பி_எட்டாம்வருடம்

புரிந்தது. நன்றி அண்ணா. ஓரமாக நின்று படித்துக்கொள்கிறேன்.

மருதாணி (பிளேனோ)

நீங்கள் எல்லாரும் பெல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். அலுவலகத்துக்கு பேன்ட் போடும் நாளில் எனக்கும் அப்பெண்டிக்ஸ் ஹோல்ஸ்டர்தான் (பெல்ட்டின் முன்பக்கம் செருகும் துப்பாக்கிக் கூடு), சுடிதார் போடும் நாளில் பெல்ட்டுக்கு எங்கே போவது? அந்த நாட்களுக்கு பெல்லி பேண்ட் (வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை) வாங்கினேன். முதலில் வாங்கியது வெறும் எலாஸ்டிக், ட்ரிகரை மூடும் கெட்டியான பகுதி எதுவும் அதில் இல்லை, துணிக்கு மேலேயே விரலால் ட்ரிகரைத் தொட முடிந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது இருப்பதில் கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் கூடு தைத்து வைத்திருக்கிறார்கள். ட்ரிகர் கார்டை (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) முழுக்க மூடாத எதையும் ஹோல்ஸ்டர் என்று நான் சேர்ப்பதில்லை.

கைப்பையில் வைக்கலாமே என்று கடைக்காரர்கள் எல்லாருமே பெண்களிடம் சொல்வார்கள். பை ஷாப்பிங் கார்ட்டில் இருக்கும், குழந்தை அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். 2014 கடைசியில் ஐடஹோவில் ஒரு கடையில், இரண்டு வயதுப் பிள்ளை தாயின் பையிலிருந்து எடுத்துச் சுட்டு தாய் இறந்தது எல்லாச் செய்தியிலும் வந்தது. அந்தப் பைக்குத் துப்பாக்கிக்கென்றே ஜிப் வைத்த தனி அறை இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள், பை என்ற பேச்சே வேண்டாம்.

சுழற்சி கேள்விக்கு என் பதில்: துப்பாக்கி ஒன்றே, பி365. உடுப்புக்குத் தகுந்து மாறுவது ஹோல்ஸ்டர் மட்டும்தான். ஆனால் இடம் மாறாமல் பார்த்துக்கொள்கிறேன், இரண்டிலும் தொப்புளுக்குச் சற்று வலப்பக்கம், கை போகும் இடம் ஒன்றே.

புடவை நாளில் வைப்பதில்லை. வீட்டு சேஃபில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய_இரும்பு (சான் ஆன்டோனியோ)

மருதாணி சொன்ன கடைசி வரி முக்கியம். எனக்கு அதே நிலைமை வேட்டியில். இடுப்பு பெல்ட் மாதிரி வெல்க்ரோ ஒட்டின வேட்டியை நம்பிக் கனமான ஒன்றைத் தொங்கவிட்டால் கல்யாண வீட்டில் முதலில் விழுவது வேட்டியா துப்பாக்கியா என்று பந்தயம் கட்டலாம்.

கணுக்கால் ஹோல்ஸ்டர் பற்றிப் படித்துவிட்டு வாங்கத் துடிக்கிறவர்களுக்கும் ஒன்று. அது பெரும்பாலும் போலீஸ்காரர்கள் இரண்டாவது துப்பாக்கிக்கென்று மாட்டுவது, அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. நாம் போகிற வீடு எல்லாவற்றிலும் வாசலிலேயே கழற்ற வேண்டும், உள்ளே போனால் பாயில் சம்மணம் போட வேண்டும்.

நெல்லைச்சீமை (மிச்சிகன்)

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி. நீங்கள் இருப்பதெல்லாம் நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வீடு வாங்கின இடங்கள். உண்மையிலேயே யாருக்காவது தேவைப்பட்டதா? வீட்டில் துப்பாக்கி இருப்பதால் வரும் ஆபத்து, வெளியே ஒருவன் வழிமறிக்கும் ஆபத்தைவிடப் பெரிதில்லையா? நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைதானே.

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

அந்தக் கணக்கு சரிதான், மறுக்க மாட்டேன். வகுப்பிலும் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது மனது சரியில்லாத காலம் வந்தால் துப்பாக்கி வெளியே போக வேண்டும், நம்பிக்கையான இடத்தில் கொடுத்து வைக்க வேண்டும், சேஃபின் எண் தெரிந்தவர் அவராகவே இருந்தால் சேஃபும் உதவாது.

எனக்குத் தேவைப்பட்டதா என்றால் இல்லை, தேவைப்படாமலே போகட்டும். இரவில் கடை மூடிவிட்டு அன்றைய பணத்தோடு காருக்கு நடக்கிற ஆள் நான், அதனால் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகிறவர் வைக்காமல் இருந்தால் குறைந்துபோய்விட மாட்டார். வைப்பது என்று முடிவெடுத்துவிட்டால் அரைகுறையாக வைக்கக் கூடாது, என் வாதம் அவ்வளவுதான்.

டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பி வைத்து, பிள்ளை எடுத்துவிட்டால் அது பெரியவர் மேல் வழக்கு. அதனால் இடுப்பிலிருந்து கழற்றினால் நேரே சிறிய பூட்டுப் பெட்டிக்குள். அலமாரி மேல்தட்டு, தலையணைக்கு அடி, காரின் கையுறைப் பெட்டி எதுவும் கணக்கில் வராது. காரில் விட்டுப்போனது திருட்டுப் போவதுதான் இந்த ஊரில் அதிகம்.

இதையும் சுழற்சியோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று துப்பாக்கி மாற்றுகிறவர் காலையும் மாலையும் எதையாவது இறக்கி, எதையாவது நிரப்பி, கையாண்டுகொண்டே இருப்பார். தவறிச் சுடுவது பெரும்பாலும் நடப்பது இந்த இறக்கி ஏற்றும் நேரத்திலும், ஹோல்ஸ்டரில் திரும்பச் செருகும் நேரத்திலும்தான். கிளாக்கைப் பிரிக்க ட்ரிகரை இழுத்தாக வேண்டும் என்பதால் சேம்பரில் (குழலின் பின்முனையில்) குண்டு இருக்கிறதா என்று பார்க்காமல் இழுத்து சுவரில் ஓட்டை போட்டவர்கள் நிறைய. ஹோல்ஸ்டரோடு சேர்த்தே கழற்றி, ஹோல்ஸ்டரோடு சேர்த்தே பெட்டியில் வைத்தால் அந்த வேலையே குறைந்துவிடும்.

நெல்லைச்சீமை (மிச்சிகன்)

நேர்மையான பதில். நான் வைக்கப் போவதில்லை, ஆனால் படிக்கிறேன்.

பே_ஏரியா_பரதேசி (கலிஃபோர்னியா)

உங்கள் மாநிலத்தில் இதெல்லாம் ஆசைப்பட்டபடி செய்யலாம் ஐயா. எங்களுக்கு உரிமத்திலேயே எந்தத் துப்பாக்கி என்று அடித்துத் தருகிறார்கள், கம்பெனி, காலிபர் (குண்டின் விட்டம்), வரிசை எண் எல்லாம். அதில் இல்லாததை வைத்தால் உரிமம் இல்லாததற்குச் சமம். 2022இல் ப்ரூயென் வழக்கில் தனிக் காரணம் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எங்கள் கவுண்டியில் சாதாரண ஆளுக்குக் கிடைக்கவே ஆரம்பித்தது, அதற்கு முன்னால் அப்படி ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. மேகசினில் (குண்டு அடுக்கும் பெட்டி) பத்துக்கு மேல் கூடாது. கடையில் வாங்கப் போனால் மாநிலப் பட்டியலில் உள்ள மாடல்தான், அதனால் மற்றவர்கள் ஐந்தாம் தலைமுறை கிளாக்கை வாங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் மூன்றாம் தலைமுறையையே புதிதாக வாங்கிக்கொண்டிருந்தோம்.

இதில் ஒரு நல்லது நடந்தது. சுழற்சி என்ற நோய் எங்களுக்கு வரவே இல்லை.

பத்துக் குண்டு வரம்பு என்பதால் எனக்கு கிளாக் 19ஐவிட மெல்லிய கிளாக் 43எக்ஸ் பொருத்தமாகப் பட்டது. அதன் சொந்த அளவே பத்து. 19இல் பதினைந்து போட வேண்டிய அகலத்தைச் சுமந்துகொண்டு பத்து போட்டு நடப்பானேன். கேட்டவர் கிளாக் பழகியவர், 43எக்ஸைப் பட்டியலில் சேர்க்கவே இல்லையே?

கொல்லிமலைக்காற்று (ஆஸ்டின்)

சேர்க்கவில்லைதான். பத்துக் குண்டு பி365இலும் இருக்கிறது, அது இன்னும் சின்னது என்று விட்டுவிட்டேன். 43எக்ஸில் பிடி 19 அளவுக்கே நீளம் என்று படித்தேன், துருத்துவது பிடிதானே?

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

துருத்துவது பிடிதான், நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. குழல் கீழ்நோக்கி பேன்ட்டுக்குள் போய்விடும், அது கொஞ்சம் நீளமாக இருந்தாலும் ஒன்றும் தெரியாது. சட்டையைத் தள்ளுவது பிடியின் அடிமுனை. அதனால் 43எக்ஸ் வாங்கினால் தடிமன் குறையும், நீங்கள் சொன்ன குனியும் சிக்கல் அப்படியே இருக்கும்.

புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன்னால் இப்போது இருக்கும் ஹோல்ஸ்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். நீங்கள் என்ன பெல்ட் போட்டிருக்கிறீர்கள்? குண்டு நிரப்பிய 19 ஏறக்குறைய 850 கிராம். சாதாரணத் தோல் பெல்ட் அந்த எடைக்கு வளைந்து கொடுக்கும், பெல்ட் வளைந்தால் பிடி வெளியே சாயும், சட்டை தூக்கும். உள்ளே கெட்டித் தகடு வைத்த பெல்ட் என்று விற்கிறார்கள், அதை வாங்குங்கள். ஹோல்ஸ்டரில் க்ளா என்று ஒரு சின்ன இறக்கை வரும், பெல்ட் அதை அழுத்த அழுத்த பிடி உடம்புப் பக்கம் திரும்பும். வலது இடுப்பிலிருந்து அப்பெண்டிக்ஸ் பக்கம் நகர்த்திப் பார்க்கவும் செய்யலாம், குனியும்போது முன்பக்கம் சட்டை தொங்கும், முதுகுப்பக்கம் போல இறுகாது. ஆனால் அங்கே வைத்தால் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மறக்கக் கூடாது, திரும்பச் செருகும்போது சட்டையை முழுக்க மேலே பிடித்து, கண்ணால் பார்த்து, மெதுவாக. செருகுவதில் வேகம் காட்ட யாரும் பரிசு தரப்போவதில்லை.

என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாவது துப்பாக்கி ஆசை இதோடு அடங்கிவிடும்.

அப்படியும் போதவில்லை என்றால் கிளாக் 26. தடிமன் 19 மாதிரிதான், ஆனால் பிடி குட்டை. அதே இயக்கம், அதே பிடிக்கோணம், சைட் பார்ப்பதும் அதே. முக்கியமாக உங்கள் 19இன் மேகசின் அதிலும் போகும். அதைச் சின்ன துப்பாக்கி என்று இளைஞர்கள் இப்போது மதிப்பதில்லை, 2018இல் பி365 வந்த பிறகு அதன் மவுசு போய்விட்டது. ஏற்கெனவே 19 வைத்திருப்பவருக்கு இதைவிடக் குறைவான மாற்றத்தோடு வேறு எதுவும் கிடையாது.

பழைய_இரும்பு (சான் ஆன்டோனியோ)

26 செங்கல் மாதிரி இருக்கும் அண்ணே. அரைக்கால் சட்டைக்கு பி365தான். 500 கிராம் சொச்சம், இருப்பதே தெரியாது.

மருதாணி (பிளேனோ)

பி365காரியாகச் சொல்கிறேன், இடுப்பில் இருப்பது தெரியாதுதான், கையில் பிடித்துச் சுடும்போது தெரியும். நான் அதன் பிடியை எக்ஸ்எல் அளவுக்கு மாற்றிவிட்டேன். ட்ரிகர் பகுதி தனியாகக் கழன்று வருவதால் பிடியை மட்டும் வாங்கி மாற்ற முடிகிறது, அந்த ட்ரிகர் பகுதிதான் சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படுவது, பிடி வெறும் பாகம். ஒரே துப்பாக்கி இரண்டு அளவு வேண்டும் என்பவர்களுக்கு இது ஒரு வழி. ஆனால் தினமும் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை இது, மாற்றினால் ரேஞ்சில் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் இடுப்புக்கு வர வேண்டும்.

கொல்லிமலைக்காற்று (ஆஸ்டின்)

இந்த இழையில் ரெட் டாட் (குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) பற்றி யாரும் பேசவில்லையே. இரண்டில் ஒன்றில் மட்டும் போடலாமா?

பே_ஏரியா_பரதேசி (கலிஃபோர்னியா)

போட்டால் இரண்டிலும், இல்லையென்றால் ஒன்றிலும் வேண்டாம். புள்ளி பழகிய கண் புள்ளியைத்தான் தேடும். பேட்டரியை வருடத்துக்கு ஒரு முறை, பிறந்தநாள் மாதிரி நினைவிருக்கும் ஒரு தேதியில் மாற்றிவிடுங்கள்.

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

நீங்கள் சுழற்ற ஆசைப்பட்டால் குண்டுகளைச் சுழற்றுங்கள், அதை யாரும் செய்வதில்லை. தினமும் இரவில் சேம்பரிலிருந்து எடுத்து, காலையில் அதே குண்டை மறுபடி ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்லைடு அதை மோதித் தள்ளுவதால் ஈயமுனை குண்டின் உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கிய குண்டில் அழுத்தம் எகிறும், துப்பாக்கியே உடையலாம். ஒரு புதுக் குண்டைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உயரம் குறைந்திருந்தால் தூக்கி எறியுங்கள், ரேஞ்சில்கூடச் சுட வேண்டாம். வியர்வை, எண்ணெய் இரண்டும் படுவதால் வருடத்துக்கு ஒரு தடவையாவது இடுப்பில் இருந்ததை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுசு போடுங்கள். இடுப்பில் வைக்கும் ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ள குண்டு) விலை அதிகம்தான், ஒரு குண்டு ஒரு டாலரை ஒட்டி வரும். மூன்று துப்பாக்கிக்கு இந்தச் செலவைக் கணக்குப் பண்ணினால் சுழற்சி ஆசை தானாகக் குறையும்.

எது வாங்குவது என்று கேட்டால், ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட் இரண்டில் எது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதோ அது. 1986இல் மயாமியில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு பேர் இறந்த சண்டைக்குப் பிறகு அவர்கள் ஜெலட்டின் கட்டியில் சுட்டு 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று ஒரு அளவுகோல் வைத்தார்கள், நல்ல கம்பெனிகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் செய்கின்றன. அந்தச் சண்டைக்குப் பிறகு பெரிய காலிபர் தேடிப்போய், 10 மி.மீ., .40 எல்லாம் சுற்றிவிட்டு எஃப்பிஐயே 9 மி.மீட்டருக்குத் திரும்பி வந்துவிட்டது. அதனால் காலிபர் சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம், இரும்பு, உங்களைத்தான் சொல்கிறேன்.

பழைய_இரும்பு (சான் ஆன்டோனியோ)

1911இன் .45 பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வியர்வை பற்றி மட்டும் சொல்கிறேன். ஹூஸ்டன், சான் ஆன்டோனியோ வெயிலில் பழைய நீலப்பூச்சு எஃகுத் துப்பாக்கி இடுப்பில் இருந்தால் உடம்பு படும் பக்கம் செம்மை தட்ட ரொம்ப நாள் ஆகாது. கோடையில் என் 1911 வெளியே வராததற்கு அதுதான் காரணம். அந்த மாதங்களில் நானும் கிளாக்தான். போதுமா அண்ணே?

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

போதும் போதும்.

கொல்லிமலைக்காற்று (ஆஸ்டின்)

தகடு வைத்த பெல்ட்டும் க்ளா வைத்த ஹோல்ஸ்டரும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 19ஏ சட்டைக்குள் அடங்கிவிட்டது, ஒரு அளவு பெரிய சட்டை எடுக்க வேண்டியிருந்தது, வீட்டில் கிண்டல். அரைக்கால் சட்டைக்கு மட்டும் ரேஞ்சில் 26ஐயும் பி365ஐயும் வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். பி365 இடுப்புக்கு நன்றாக இருந்தது, 26 கைக்கு நன்றாக இருந்தது. 26 வாங்கப் போகிறேன். 1911 பிறகு, ரேஞ்சுக்கு மட்டும்.

இப்போது அடுத்த குழப்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே கோயில், மத்தியானம் யார் வீட்டிலாவது சாப்பாடு. இந்தச் சுற்றில் எங்கே வைக்கலாம், எங்கே கூடாது?

மருதாணி (பிளேனோ)

உங்கள் தமிழ்ப் பள்ளி எங்கே நடக்கிறது? எங்களுடையது அரசுப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் கட்டடம் பள்ளியுடையது. அது ஞாயிறு, பள்ளி விடுமுறை என்று போய் வாதாடிப் பார்க்கிற இடம் இல்லை. நான் காரை விட்டே இறங்குவதில்லை, பிள்ளைகள் வரிசையில் வந்து ஏறிக்கொள்வார்கள்.

வைப்பாற்றுக்காரன் (ஹூஸ்டன்)

மருதாணி சொன்னதுதான். எல்டிசி கையில் இருப்பதன் பெரிய பயனும் இங்கேதான். பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்று கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது, அந்த மாநிலத்து உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமமே வேண்டாம் என்ற புதுச் சட்டத்தை மட்டும் நம்பி வைக்கிறவருக்கு அந்த விலக்கு இல்லை. 40 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். பள்ளிக் கட்டடத்துக்குள் எல்டிசி இருந்தாலும் கூடாது, பள்ளி நடத்தும் விளையாட்டுப் போட்டி மைதானமும் அப்படியே.

கோயிலில் சட்டப்படித் தடை இல்லை, வாசலில் 30.06 பலகை வைத்திருந்தால் மறைத்துக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது. பலகையில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் இருக்கும், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 30.07 என்றால் வெளியே தெரிய வைப்பதற்கான தடை. பலகை இல்லை, நிர்வாகத்தில் ஒருவர் வாயால் வேண்டாம் என்றாலும் உடனே வெளியே வர வேண்டும். மதுக்கடைகளில் சிவப்பாக 51% என்று இருக்கும், அதைக் கண்டால் திரும்பிவிடுங்கள். தபால் நிலையத்துக்குள்ளும் கூடாது.

சட்டம் இருக்கட்டும். அப்பெண்டிக்ஸில் வைத்துக்கொண்டு சன்னதியில் சாஷ்டாங்கமாக எப்படி விழுவீர்கள்? நான் கோயிலுக்கு வைத்துப் போவதில்லை. காருக்குள் இருக்கையோடு கம்பியால் பிணைத்த பூட்டுப் பெட்டி இருக்கிறது, கோயில் நிறுத்தத்தில் எல்லார் கண்ணும் படும்படி கழற்றாமல், கிளம்பும்போதே வீட்டில் வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம்.

எச்1பி_எட்டாம்வருடம்

ஓரமாக இருந்தே ஒரு சந்தேகம். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது என்ன செய்வீர்கள்?

பே_ஏரியா_பரதேசி (கலிஃபோர்னியா)

துப்பாக்கி வீட்டில் பூட்டியிருக்கும், அது பிரச்சனையே இல்லை. பிரச்சனை பை. ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே விமானத்துக்கும் எடுத்துப்போவார்கள், அடியில் ஒரே ஒரு ரவுண்டு உருண்டு கிடக்கும். இங்கே ஸ்கேனரில் தப்பினாலும் சென்னையில் திரும்பும்போது மாட்டும். இந்தியாவில் ஒரு குண்டுக்கும் ஆயுதச் சட்டம்தான், விமானத்தை விட்டுவிட்டு போலீஸ் நிலையத்தில் உட்கார வேண்டிவரும்.

மருதாணி (பிளேனோ)

எங்கள் வீட்டில் ரேஞ்ச் பை பளீரென்று ஆரஞ்சு நிறம், யாருக்கும் அதை ஊருக்கு எடுத்துப்போகும் ஆசையே வராது. கொல்லிமலை, 26க்கு ஹோல்ஸ்டர் வாங்கும்போது 19க்கு வாங்கிய அதே கம்பெனி, அதே மாடல் பாருங்கள். 19இன் ஹோல்ஸ்டரிலேயே 26 உட்காரும், அடிப்பக்கம் திறந்திருந்தால் குழல் கொஞ்சம் உள்ளே நிற்கும், அவ்வளவுதான்.

கொல்லிமலைக்காற்று (ஆஸ்டின்)

அட, அப்போது இன்னொரு ஹோல்ஸ்டரே வேண்டாமே. இன்றைக்கே காலியாக வைத்துச் செருகிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.